ஈசூன் திராட்சைக்கொடியும் இனக் குழப்பமும்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்கும் இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாட்டு டப்பாவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கிறது. அதற்குள் பென்சில் முனையில் மாட்டுகிற அழிப்பான் அளவில் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றப்பட்டிருக்கிறது. பூச்சி கிடையாது, வாசனை மட்டும்தான். மனிதர் மூக்குக்கு அது தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். குளிரில் வைக்காவிட்டால் வீரியம் போய்விடுமாம். வாங்கி வந்த மீனை எங்கே வைப்பது என்று கேட்டால், "கொஞ்சம் தள்ளி வையேன்" என்கிறார் என் கணவர். தள்ளுவதற்கு இடம் இருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளர். சிங்கப்பூரில் ஓர் அறிவிப்பு என்றால் நான்கு மொழிகள். நான்காவதான தமிழுக்கு வரும்போது அட்டையில் இடமும் இருக்காது, அச்சகத்தில் நேரமும் இருக்காது. மாலை ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டு ஆறு மணிக்குக் கேட்பார்கள். நான் ஒழுங்காக எழுதிக் கொடுத்தாலும் கணினியில் ஏற்றும்போது கொம்பை ஒரு வரியிலும் எழுத்தை அடுத்த வரியிலும் போட்டுவிடுவார்கள். இப்படியே இருபது வருடம் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. தேக்காவில், எங்கள் லிட்டில் இந்தியாவில், ஏதாவது கடைப் பலகையில் பிழை கண்டால் உள்ளே போய்ச் சொல்லாமல் என்னால் வரமுடியாது. "உனக்கென்ன வந்துச்சு?" என்பார் கணவர். சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளிப் போய், என்னைத் தெரியாதவர் போல நின்றுகொள்வார்.

அவர் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தார். வெல்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர். ஈசூனில் ரயில் ஏறினால் வடக்கே இரண்டாவது நிலையம், அங்கிருந்து கம்பெனி பஸ். வேறு திசையே அவருக்குத் தெரியாது. போன வருடத்துக்கு முந்தின வருடம் பட்டறையில் ஆட்குறைப்பு செய்தார்கள். அதில் இவர் பெயரும் இருந்தது. வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவர், நான்கு மாதம் எழுந்திருக்கவில்லை. சாப்பிடுவார், தூங்குவார், தொலைக்காட்சியைப் பார்ப்பார். சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். கேட்டால் "ம்" என்பார். மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான். வீட்டில் இருந்தது நானும் அந்த "ம்"மும்தான்.

ஒருநாள் காலையில் நான் தேக்காவுக்குப் போய், ஒரு வேலையை ஒப்படைத்து, மீன் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினேன். நாலு மணி நேரம் ஆகியிருக்கும். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு சோபாவிலிருந்து தலையைத் திருப்பினார். "குளிச்சிட்டியா?" என்று கேட்டார். நான் வீட்டில் இல்லாததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போனேன். டாக்டர், தினமும் இவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள் என்றார். சொல்வதற்கு என்ன, எங்கே அனுப்புவது? எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிதான் அதற்குத் தலைவி. அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கட்டில் அளவுக்கு ஒரு துண்டு நிலம் வாங்கினேன். எல்லாரும் கங்கோங் கீரை போடுகிறார்கள், வாசனைக்குப் பாண்டான் இலை வைக்கிறார்கள், நீங்களும் நாலு மிளகாய்ச் செடி வையுங்கள் என்றேன். இவர் திராட்சை வைத்தார்.

அந்த யோசனையைக் கொடுத்தவர் ஒரு கம்பத்துக்காரர். பட்டறையில் இவருக்குக் கீழே பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிப் போய், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போட்டுப் பிழைக்கிறார். அவர் ஒருவர் அழைத்தால் மட்டும் சோபாவிலிருந்து இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல வரும். "திராட்ச வைங்கண்ணே. கவாத்து பண்ணத் தெரிஞ்சாப் போதும், அந்த ஊர் வெயிலுக்கும் வரும்" என்று அவர் சொல்ல, இவர் தாதியரகம் தாதியரகமாகக் கேட்டு ஒரு தொட்டித் திராட்சையைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். தாதியரகம் என்று நான் எழுதுவது செடி விற்கும் நர்சரியைத்தான். ஒரு நர்சரிக்கான அறிவிப்பில் எவனோ அப்படி மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து எரிச்சலில் நானும் அப்படியே சொல்கிறேன்.

கொடி ஏறியது. குழாய்களை இணைத்து, ரசமட்டம் வைத்து அளந்து பந்தல் போட்டார். கப்பலுக்குப் போடுகிற நேர்த்தியில் போட்டார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இவர் சவரம் செய்ய ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் கொடிதான், துளிர்தான், கவாத்துதான். எனக்குக் காது புளித்தது. ஆனாலும் அந்த "ம்"முக்கு இது எவ்வளவோ மேல் என்று சகித்துக்கொண்டேன்.

அப்புறம் புழு வந்தது. ஒரு வாரத்தில் இலையெல்லாம் சல்லடை. பகலில் தேடினால் ஒன்றும் அகப்படாது, மண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இருட்டினால் ஏறி வந்து தின்னும். கம்பத்துக்காரர் வீடியோவில் பார்த்துவிட்டு, "வெட்டுப்புழுண்ணே" என்றார். மருந்து அடிக்க முடியாது. தோட்டத்தை ஒட்டியே பாலர் பள்ளி, ரசாயனம் கூடவே கூடாது என்பது விதி. அப்போதுதான் இந்தப் பெண் பூச்சி வாசனை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. கம்பத்துக்காரர் அந்த ரப்பரின் பெயரைச் சொல்ல, இவர் இணையத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு வகுப்பு எடுத்தார்.

"பொம்பளப் பூச்சி ராத்திரியில ஒரு வாசம் விடும். அதை மோந்துக்கிட்டு ஆம்பளப் பூச்சி எங்கிருந்தாலும் தேடி வந்துடும். நாம ரப்பர்ல அந்த வாசத்தை வச்சு, புனல் மாதிரி ஒரு பொறியில தொங்கவிடணும். சுத்திச் சுத்தி வந்து உள்ளே விழுந்துடும். கீழ ஒரு நீளப் பை. அதுக்குள்ள மாட்டிக்கும்."

"எவ்வளவு தூரத்திலேருந்து வரும்?"

"காத்து அடிக்கிற பக்கத்திலேருந்து, எவ்வளவு தூரமானாலும் வரும்."

"கீழ கடையில பால் வாங்கிட்டு வாங்கன்னா உங்களுக்கு வழி தெரிய மாட்டேங்குது. ஒரு பூச்சிக்குத் தெரியுது பாருங்க."

அவர் காதில் விழவில்லை. புனலின் வாய் எத்தனை அங்குலம் என்று சோற்றுத் தட்டில் விரலால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

பொறியில் பூச்சி விழுந்தது, அதில் குறை சொல்ல முடியாது. தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்றைக்கு இத்தனை என்று காட்டுவார். நான் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பேன். பழுப்பு நிறத்தில் செத்தும் சாகாமலும் கிடக்கும் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு இட்லி ஊற்றிய பெண்கள் ஈசூனில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ரப்பரை வெறும் கையால் தொடக்கூடாது என்று பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. இவர் தொட்டார். தொட்ட கையைச் சட்டையில் துடைத்தார். அந்தச் சட்டை மற்றத் துணியோடு கூடைக்குள் போனது. துவைத்து மூங்கில் கழியில் காயப்போட்டேன், மறந்து ராத்திரி அப்படியே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் சட்டை முழுக்க அந்துப்பூச்சி. கூடவே தொங்கிய என் ரவிக்கையிலும் நாலு.

எதிர்வீட்டு ஆன்ட்டி நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தார். "ஐயோ, அங்கிள் ஷர்ட் காட் சோ மெனி பட்டர்ஃபிளை. வெரி ஹேண்ட்ஸம் லா" என்றார். நான் சிரித்துவைத்தேன். உள்ளே வந்து சண்டை போட்டேன். போட்ட சண்டையில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரண்டு நாளில்தான் வினையும் நடந்தது.

நடந்தது இதுதான். பொறியில் பூச்சி விழுந்துகொண்டே இருந்தாலும் இலையில் ஓட்டை குறையவில்லை. இவர் கம்பத்துக்காரரை அழைத்துக் கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார், எனக்கும் கேட்டது.

"அண்ணே, பொறியில ஆம்பளப் பூச்சிதான் விழும். பொம்பளப் பூச்சி அது பாட்டுக்கு வந்து முட்டை வச்சிட்டுப் போயிரும். பூச்சி வந்திருச்சா, எம்புட்டு வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் பொறி."

"அப்ப ஒழிக்கிறதுக்கு?"

"அதுக்கு வாசத்தைத் தோட்டம் பூராக் கட்டணும்ணே. வெளிநாட்டுல ஒயின் தோட்டத்துல எல்லாம் கொடிக்குக் கொடி கட்டித் தொங்கவிடுவாங்க. காத்து பூராப் பொம்பளப் பூச்சி வாசமாயிருச்சுன்னா, ஆம்பளப் பூச்சிக்கு எங்கிட்டுப் போறதுன்னே தெரியாது. பக்கத்து இலையில நெசப் பூச்சி உக்காந்திருந்தாலும் கண்டுபிடிக்காது. இனச்சேர்க்கைக் குழப்பம்னு அதுக்குப் பேரு. ஆனா ஒத்தக் கொடிக்கு அது ஆகாதுண்ணே. வெளிய எங்கிட்டாவது சோடி சேந்துட்டு பொம்பளப் பூச்சி பறந்து வந்து இங்க முட்டை வச்சிரும். ஊரே பந்தலா இருந்தாத்தான் எடுபடும்."

பக்கத்தில் இருந்தாலும் கண்டுபிடிக்காதாம். அடுப்படியில் கரண்டியோடு நின்ற எனக்கு, அந்தப் பூச்சியை எனக்கு நன்றாகவே தெரியும் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத நாள் ஆதலால் சொல்லவில்லை.

இவர் கேட்டது "கட்டணும்" வரைக்கும்தான். "ஆகாது" என்றது இவர் காதில் ஏறவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த ரப்பர் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்ப் பந்தலில் கட்டினார், பக்கத்துக் கறிவேப்பிலைச் செடியில் கட்டினார், உட்காரும் பெஞ்சின் கைப்பிடியில்கூடக் கட்டினார். தோட்டத்தில் எதைத் தொங்கவிட்டாலும் அறிவிப்பு வைக்கவேண்டும் என்பது ஆன்ட்டி போட்ட விதி. ஆங்கிலத்தில் 'பூச்சிப் பொறி, தொடாதீர்கள்' என்று ஆன்ட்டியே அச்சிட்டுக் கொடுத்தார். தமிழ் உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே என்று இவரிடம் விட்டுவிட்டார். வீட்டில் இருந்த தமிழோடு இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. தானே எழுதினார்.

பொறிக்கு வேளாண்மைத் தமிழில் இனக்கவர்ச்சிப் பொறி என்று பெயர். பாக்கெட்டில் இருந்ததைப் பார்த்து அதை எழுதினார். தப்பில்லை. அடுத்த வரிக்குக் கம்பத்துக்காரர் சொன்ன பெயரை எடுத்தார். எழுதப்போகும்போது இவருக்கு வெட்கம் வந்துவிட்டது. பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார் போகிற வழியில் 'சேர்க்கை' என்று எப்படி எழுதுவது? எனவே நாகரிகமாக அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டார். பெரிய எழுத்தில், தடித்த மையில், இப்படி வைத்தார்:

'இனக்கவர்ச்சிப் பொறி. இங்கு இனக் குழப்பம் செய்யப்படுகிறது. பொதுமக்கள் ஒத்துழைக்கவும்.'

இந்த ஊரில் இனம் என்றால் என்ன என்று சிங்கப்பூர்த் தமிழர் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இனம். பள்ளிக்கூடத்தில் இன நல்லிணக்க நாள். வீடு வாங்கும்போது, விற்கும்போது இன ஒதுக்கீடு. எத்தனை முறை 'இன நல்லிணக்கம்' என்று தட்டச்சு செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இனத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசினால் போலீஸ் வரும். அப்படிப்பட்ட ஊரில், நான்கு இனத்தாரும் கங்கோங் பறிக்கிற இடத்தில், இங்கு இனக் குழப்பம் செய்யப்படுகிறது, ஒத்துழையுங்கள் என்று ஒருவர் எழுதி மாட்டியிருக்கிறார். அவர் என் கணவர்.

சனிக்கிழமை காலை யாரோ படம் எடுத்து புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். 'நம்ம தோட்டத்துல என்ன நடக்குது?' என்று ஒரு தமிழர் கேட்டிருந்தார். 'யார் எழுதியிருந்தாலும் தமிழ் தெரிந்தவர்தான்' என்று இன்னொருவர். 'அந்த டிரான்ஸ்லேட்டர் வீட்டுக்காரர் செடிதானே?' என்று மூன்றாமவர். ஊரார் பலகையையெல்லாம் திருத்துகிற என் பெயர் இப்படிச் சந்தி சிரித்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களைக் குறை சொல்லமுடியாது.

ஆன்ட்டி கைப்பேசியோடு கதவைத் தட்டினார். செயலி ஒன்று அந்த அறிவிப்பை ஆங்கிலமாக்கிக் கொடுத்திருந்தது. "மேடம், வாட் இஸ் ரேஸ் டிராப்? ஹியர் ஆல்ஸோ காட், ரேஷியல் கேயாஸ் இஸ் பீயிங் டன்." நான் இனம் என்பதற்கு வகை, சாதி, பால் எல்லாம் பொருள் உண்டு என்று தொடங்கி, மொழியியல் வகுப்பு நடத்தி, கடைசியில், "இட்ஸ் எபவுட் மாத். மாத் செக்ஸ், ஆன்ட்டி" என்று அந்துப்பூச்சியில் கொண்டுபோய் முடித்தேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அது இன்னும் மோசமாகப் போனது.

சாயங்காலம் தோட்டத்துப் பெஞ்சில் கூட்டம். ஆன்ட்டி நல்லவர், குரலை உயர்த்தவே இல்லை. அறிவிப்பை எடுத்துவிடுங்கள் என்றார். அது பெரிய விஷயமில்லை என்றும் சொன்னார். பெரிய விஷயம் வேறு. பக்கத்துப் பாத்திகளிலும் புழு வந்துவிட்டது. அங்கிள் வாசனை கட்டியதிலிருந்து புளோக்கில் இருக்கிற அத்தனை பூச்சியும் இங்கேதான் சுற்றுகிறது. பொறியெல்லாம் போகவேண்டும், புழு போகாவிட்டால் கொடியும் போகவேண்டும். "அங்கிள், ஐ நோ யூ பேட் இன்டென்ஷன் டோன்ட் ஹாவ். பட் பீப்பிள் கங்கோங் ஆல்ஸோ மஸ்ட் ஈட் லா."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கணவர் எழுந்து நின்றார். தலையை ஆட்டினார். ஒவ்வொரு ரப்பராக அவிழ்த்துப் பைக்குள் போட்டார். வீட்டுக்கு வந்து, பையை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை சவரம் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையும் செய்யவில்லை. "டீ வேணுமா?" என்றால் "ம்" என்றார். பூச்சியும் வேண்டாம், திராட்சையும் வேண்டாம், சோற்றுத் தட்டில் புனல் வரைகிற மனிதர் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. அந்த மனிதரைத்தானே போன வாரம் கரித்துக்கொட்டினேன் என்று நினைக்க அழுகை வந்தது. குளியலறையில் போய் அழுதேன். வெளியே வந்தபோது அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலையில் ஆன்ட்டி வீட்டுக் கதவை நான் தட்டினேன். ஒரு மாதம் கொடுங்கள் என்றேன். ஏன் இந்தக் கொடிக்கு இவ்வளவு என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. கொடி போனால் அவர் மறுபடியும் எழுந்திருக்க மாட்டார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆன்ட்டி எதிரே எங்கள் கதவைப் பார்த்தார். "ஒன் மந்த். ஒன் டிராப் ஒன்லி. அண்ட் தி நோட்டீஸ், யூ ரைட். நாட் ஹிம்" என்றார்.

அந்த மூன்று வரி அறிவிப்புக்கு எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. இனக்கவர்ச்சி சரியான சொல்தான். கம்பத்தில் மாட்டினால் ஒரு விவசாயியும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஈசூனில் மாட்டமுடியாது. பால்கவர்ச்சி என்று போட்டால், கீழ்க்கடையில் பால் தள்ளுபடியா என்று வருவார்கள். கடைசியில் கலைச்சொல்லையே விட்டுவிட்டு இப்படி எழுதினேன்:

'இந்தப் பொறிக்குள் பெண் பூச்சியின் வாசனை இருக்கிறது. அதைத் தேடி வரும் ஆண் பூச்சி உள்ளே மாட்டிக்கொள்ளும். தயவுசெய்து தொடாதீர்கள், தொட்டால் அது உங்களைத் தேடி வரும்.'

அடுத்து நானே கம்பத்துக்காரரை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும், "மதினி, அண்ணனுக்கு என்னாச்சு?" என்றார். கதையைச் சொன்னேன். இனக் குழப்பத்துக்கு வந்ததும் மனிதர் சிரித்த சிரிப்பில் போனை அவர் மனைவி வாங்கி, என்ன ஏது என்று கேட்டாள். சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னார். பொறியை எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். பையில் பூச்சி கூடினால், அடுத்தடுத்த நாள் காலையில் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். பெண் பூச்சி முட்டையைக் குவியலாக வைத்து, மேலே பழுப்பு மயிரால் மூடியிருக்கும். இலையோடு கிள்ளி எடுத்துவிட்டால் அத்தனையும் போச்சு. "ஒத்தக் கொடிதான மதினி, கையே போதும்" என்றார்.

எனக்குப் புழு என்றால் உடம்பெல்லாம் கூசும். ஆனாலும் மறுநாள் ஏழு மணிக்குக் கீழே போனேன். நாலு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே வந்து சோபாவின் முன்னால் நின்றேன்.

"ஏங்க, எனக்குக் கண்ணு தெரியலை. முட்டை எது, தூசி எதுன்னு ஒண்ணும் புரியலை. வந்து காட்டுங்க."

எனக்குக் கண் நன்றாகவே தெரியும். ஒற்று விடுபட்டதைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கிற கண். அவர் எழுந்து வந்தார்.

அப்படித்தான் ஒரு மாதம் போனது. காலையில் பையைப் பார்ப்பார், கூடியிருந்தால் இருவருமாக இலை திருப்புவோம். அவர் பந்தலின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் எடுத்ததெல்லாம் தூசி என்று ஒதுக்கினார். அவர் விட்டுப்போனதை நான் எடுத்துக் காட்டினால், "அது இப்பத்தான் வச்சிருக்கும்" என்றார். சண்டையில்லாத நாள் கிடையாது. பேச்சில்லாத நாளும் கிடையாது.

ஒருநாள், ஓர் இலையின் அடியைப் பார்த்துக்கொண்டே, பட்டறையில் கடைசி நாள் நடந்ததைச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

"லாக்கர் சாவியத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன். கையெழுத்து வாங்கினாங்க. நான் ஏதாச்சும் சொல்வாங்கன்னு நின்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னைத் தாண்டிப் பாத்து, 'நெக்ஸ்ட்'னு கூப்பிட்டுச்சு."

நான் என் பக்கத்து இலை ஒன்றைத் திருப்பினேன். "இந்த இலையில இருக்கு பாருங்க" என்றேன். வந்து பார்த்தார். இருந்தது.

மாதம் முடிந்ததும் ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து பார்த்தார். புதுத் துளிரில் ஓட்டை இல்லை. "ஓகே லா, கீப்" என்றார். போகிறபோது திரும்பி, "பட் அங்கிள் ஷர்ட், வாஷ் செப்பரேட்" என்றார். கவாத்துக்குப் பிறகு கொடி பூத்தது. மைனாவுக்குப் பயந்து வலை போட்டார். நாலு குலை நின்றது, அதில் ஒன்று நிறம் மாறத் தொடங்கியது. அதற்கு அவர் கொடுத்த விளக்கங்களை இங்கே எழுதி உங்களையும் வதைக்க விரும்பவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தேக்காவுக்குப் போனேன். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் கீழே போய்ப் பால் வாங்கி வையுங்கள் என்று முதல்நாள் இரவே மூன்று முறை சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத் தேக்கா எப்படி இருக்கும் என்று தெரிந்தும் போனேன் பாருங்கள், அது என் புத்தி. காலையில் புறப்பட்டவள் ஒரு தோழி வீட்டில் சாப்பிட்டுப் பேசிவிட்டு, கடைத்தெருவுக்கு வரும்போது மணி ஐந்து. கட்டுமானத் தளங்களிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் லீவு நாளுக்கு வந்த தம்பிமார்கள் நடைபாதை, புல்வெளி, சாலை எல்லாம் நிறைந்து நின்றார்கள். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. திரும்பிப் போயிருக்கலாம். அப்போதுதான் ஒரு காய்கறிக் கடையின் புதுப் பலகை கண்ணில் பட்டது. 'கரிவேப்பிலை'.

"அண்ணே, கரி அடுப்புக்குப் போடறது. கறிவேப்பிலைக்கு வல்லின றகரம்."

"வாங்குறவங்க யாரும் கேக்கலையேக்கா."

"நான் கேக்கிறேன்ல? போன வருஷமும் இதையேதான் எழுதி வச்சீங்க. அப்பவும் வந்து சொன்னேன். புதுசாப் பலகை பண்ணும்போதாவது யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

இன்னும் நிறையச் சொன்னேன். ஆள் கூடிவிட்டது. கடைக்காரர் என்னை எப்படி அனுப்புவது என்று தெரியாமல் விழித்தார். அப்போது என் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"மாத்திடுங்க லா. இல்லாட்டி அடுத்த வாரமும் வருவாங்க."

திரும்பினால் என் கணவர். பத்தடி தள்ளியில்லை, என் தோளை ஒட்டி நின்றார். வியர்த்துக் கொட்டியது. நியூட்டனில் ரயில் மாறும்போது தப்பான பக்கம் ஏறி, ஸ்டீவன்ஸ் வரை போய்த் திரும்பி வந்தாராம்.

"இவ்வளவு கூட்டத்துல என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? நீ திட்டுற சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கமே கேட்டுச்சு."

கையில் நீளமான ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். எந்தப் பை என்று பார்த்தவுடனே தெரிந்தது. உள்ளே ஒரு குலை திராட்சை.

"பூச்சி விழுற பையிலயா கொண்டு வந்தீங்க?"

"புதுப் பைதான். மொதக் குலை பழுத்துடுச்சு. சாப்பிட்டுப் பாரு."

நடைபாதையிலேயே நின்று ஒன்றை வாயில் போட்டேன். பல் கூசியது. நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "புளிக்குதுங்க" என்றேன். "தெரியும், நானும் ஒண்ணு தின்னேன்" என்றார்.

"சரி, பால் வாங்கி வச்சீங்களா?"

அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. மூன்று முறை சொல்லியிருந்தேன்.

"மறந்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தேன், வீட்டுல நீ இல்லை. மத்தியானமும் வரலை. நீ தேக்காவுலதான் இருப்பேன்னு தேடி வந்தேன்."

நான் இன்னொரு பழத்தை எடுத்துச் சாப்பிட்டேன். அதுவும் புளித்தது.